வைக்கோல் கன்றும் மர மீனும்

கேள்வி: ஐயா, ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு 80 சென்ட் நிலம். இந்த ஆண்டு நவரை நடத் தண்ணீர் போதாது என்று சும்மா போட்டிருக்கிறோம். மூத்த மகன் தச்சு வேலை செய்பவன். ஒரு வருடமாக மரத்தில் சின்னச் சின்ன மீன் செதுக்கி, முள் மாட்டி, தூண்டில் போடுபவர்களுக்கு விற்கிறான். ‘லூர்’ என்கிறார்கள். ஒன்று செய்ய இரண்டு நாள் ஆகிறது. செதுக்குவது அரை நாள்தான். மீதி ஒன்றரை நாளும் செதில், செவுள், கண் வரைவதில் போகிறது. கடைக்காரர் ஒன்றுக்கு 250 ரூபாய் கொடுக்கிறார். பார்த்தால் உயிர் மீன் மாதிரியே இருக்கும். ஆனால் வாங்கிப் போனவர்கள் மீன் கடிக்கவில்லை என்கிறார்கள். திரும்ப வந்து வாங்குவதில்லை. இன்னும் தத்ரூபமாக வரைந்தால் கடிக்கும், அதற்குக் காற்றில் பெயின்ட் அடிக்கும் மிஷின் வேண்டும், 18,000 ரூபாய், மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடு என்று மகன் கேட்கிறான். எடுக்கலாமா? வேளாண்மை அலுவலரிடம் தூண்டில் பற்றிக் கேட்பது தப்பென்றால் மன்னிக்கவும்.
— ஒரு வாசகி, உத்திரமேரூர் வட்டம்

பதில்: தப்பே இல்லை அம்மா. நிலம் சும்மா கிடக்கும் பருவத்தில் வீட்டுக்கு வருமானம் வரும் வழி எதுவானாலும் அது விவசாயக் குடும்பத்தின் கணக்குதான். தவிர, உங்கள் மகனின் கேள்வி நாம் வயலில் தினமும் பார்க்கிற ஒரு விஷயத்தைத் தொடுகிறது.

முதலில் நேரடிப் பதில். இப்போது கடன் எடுக்க வேண்டாம். 18,000 ரூபாயில் வாங்கப்போகும் அந்த அழகு மீனுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்கச் செலவு கிடையாது. பத்து நாள் காலை நேரம் போதும். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், மகனின் கைவேலையில் எது மீனுக்கு, எது மனிதருக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வைக்கோல் கன்று சொல்லும் பாடம்

கன்று செத்துப்போனால் மாடு பால் சுரக்காது. அப்போது பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னே கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வைக்கோல் கன்றுக்கு ஒழுங்கான கால் இருக்காது, கண் இருக்காது. தெருப்பிள்ளைகள்கூட அதைக் கன்று என்று நம்பமாட்டார்கள். ஆனால் மாடு நக்கிக் கொடுக்கும், பால் சுரக்கும். மாடு தேடியது தன் கன்றின் வாசனையை. அது தோலில் இருந்தது.

இப்போது உங்கள் மகனைப் போன்ற கைத்திறன் உள்ள ஒருவர் தேக்கில் ஒரு கன்றைச் செதுக்கி, கண் இமை வரைக்கும் வரைந்து அதே மாட்டின் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சுவார்கள். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது.

வயலுக்கு வாருங்கள். வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கிறோம். வெறும் மஞ்சள் அட்டை. அதன்மேல் ஆமணக்கு எண்ணெயோ கிரீஸோ தடவுகிறோம். இலை வடிவம் இல்லை, நரம்பு இல்லை. இருந்தும் வெள்ளை ஈ, அசுவினி எல்லாம் வந்து ஒட்டுகின்றன. அவற்றுக்கு மஞ்சள் நிறம்தான் அடையாளம். நெல்லில் தண்டு துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். அதில் மாட்டும் ரப்பர் குப்பியைக் கடையில் ‘லூர்’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அந்தக் குப்பிக்கும் பெண் அந்துப்பூச்சிக்கும் உருவத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. வாசனை ஒன்று போதும்; ஆண் பூச்சி தேடி வந்து விழுகிறது.

ஆக, ஒவ்வொரு உயிரும் எதிரே இருப்பதை முழுதாகப் பார்த்துப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்வதில்லை. தனக்கு வேண்டிய ஒன்றிரண்டு அடையாளத்தை மட்டும் தேடுகிறது. அந்த அடையாளம் இருந்தால் மற்றது இல்லாவிட்டாலும் வரும். அது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் வராது.

மீனிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நிக்கோ டின்பெர்கன் என்ற விஞ்ஞானி, முதுகில் மூன்று முள் உள்ள ஒரு சிறு மீனை வைத்து ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் இந்த மீனின் ஆணுக்கு வயிறு சிவக்கும். வேறு ஆண் தன் எல்லைக்குள் வந்தால் பாய்ந்து தாக்கும். அசல் மீன் போலவே செய்து, சிவப்பு மட்டும் இல்லாத பொம்மையை விட்டார்கள். ஆண் மீன் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மீன் என்றே சொல்ல முடியாத கட்டைகளுக்கு அடிப்பக்கம் சிவப்புப் பூசி விட்டார்கள். அவற்றைப் பாய்ந்து தாக்கியது. இப்படி விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த மீனுக்கு?

லூர் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த மீனுக்காகச் செய்கிறோம் என்பது. நம் பக்கத்து ஏரி, குளங்களில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இன்னொரு மீனைத் துரத்திப் பிடித்துத் தின்பவை அல்ல. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். இவற்றின் முன்னால் எவ்வளவு அழகான மர மீனை இழுத்தாலும் பயன் இல்லை. அவற்றுக்கு மாவு உருண்டைதான். வாங்கிப்போனவர்கள் எந்தத் தண்ணீரில் எந்த மீனுக்குப் போட்டார்கள் என்று மகன் விசாரித்தாரா? குறை லூரில்தான் என்று முடிவு கட்டுமுன் இதைக் கேட்க வேண்டும்.

மர மீனையும் ரப்பர் தவளையையும் துரத்துவது வேட்டை மீன்கள். நம் பக்கம் அதில் முதலிடம் விராலுக்கு. அடுத்து கொரவை, வாளை. ஆகவே விராலை வைத்தே பேசுவோம்.

விரால் எதைப் பார்க்கிறது?

விரால் அல்லிக்கொடிக்கும் ஆகாயத்தாமரைக்கும் கீழே அசையாமல் பதுங்கி நிற்கும். மூச்சு விட அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். இரை பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். நின்று நிதானித்துச் செதிலை எண்ணுவதற்கு அதற்கு நேரம் இல்லை. விட்டால் இரை போய்விடும்.

இரண்டாவது, விரால் கீழே இருக்கிறது, மிதக்கும் இரை மேலே இருக்கிறது. கீழிருந்து பார்க்கிற மீனுக்குப் பின்புலம் வெளிச்சமான வானம். அதன்மேல் இரை ஒரு கருநிழலாகத் தெரியும். பகல் உச்சியில் தென்னை மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். மட்டையின் பச்சை தெரியாது, அதன் உருவம்தான் கருப்பாகத் தெரியும். அதே கதைதான். மிதக்கும் தவளையின் முதுகில் புள்ளி புள்ளியாக வரைகிற வேலை முழுவதும் மீன் பார்க்காத பக்கத்தில் நடக்கிறது. மீன் பார்ப்பது வயிற்றையும், நிழலின் அளவையும், பின்னால் ஆடும் காலையும்.

மூன்றாவது, நம் ஏரித் தண்ணீர். மழை வந்து நிறையும்போது வண்டல் கலந்து பழுப்பாக இருக்கும். கோடையில் இறங்கும்போது பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். அந்தத் தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரிகிறதா என்று பாருங்கள். விரல் தெரியாத தண்ணீரில் கடுகளவு செதில் எப்படித் தெரியும்?

நான்காவது, மீனுக்கு நம்மிடம் இல்லாத ஒரு புலன் இருக்கிறது. மீனின் இரு விலாவிலும் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். மீன் கழுவும்போது பார்த்திருப்பீர்கள். பக்கக்கோடு என்று பெயர். பக்கத்தில் தண்ணீர் அசைந்தால் இந்தக் கோட்டின் வழியாக மீன் உணர்ந்துகொள்ளும். கலங்கலிலும் இருட்டிலும் இரை இருக்கும் இடத்தை இதை வைத்தும் அறியும். வால் ஆடாத, உடல் அசையாத மர மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கோட்டுக்கு அது தண்ணீரில் மிதந்து வரும் குச்சி மாதிரிதான்.

இதையெல்லாம் வைத்து நான் ஒரு வரிசை போடுகிறேன். விராலுக்குச் செய்யும் லூரில் முதலில் அசைவு. அடுத்து அளவும் நிழல் வடிவமும். பிறகு அது மிதக்க வேண்டுமா, அரையடி ஆழத்தில் ஓட வேண்டுமா என்பது. நான்காவது, இருட்டா வெளிச்சமா என்ற நிற வேறுபாடு. செதிலும் செவுளும் கடைசியில் வரும். உங்கள் மகன் நான்கில் மூன்று பங்கு நேரத்தைக் கடைசியில் இருப்பதற்குக் கொடுத்து, முதலில் இருப்பதற்குக் கொடுக்காமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கடலிலும் குளிர்நாட்டிலும்

மாசிக் கருவாடு நமக்குத் தெரியும். அது சூரை மீனிலிருந்து வருவது. லட்சத்தீவில் மினிக்காய்த் தீவு மீனவர்கள் சூரையைப் பிடிக்கும் முறை பழமையானது. உயிருள்ள பொடிமீனைக் கடலில் வீசுவார்கள். படகிலிருந்து தண்ணீரைத் தெளித்து, மேற்பரப்பில் பொடிமீன் கூட்டம் துள்ளுவது போலக் கலக்குவார்கள். வெறிபிடித்து மேலே வரும் சூரையை நீளக் கழியில் கட்டிய தூண்டிலால் பிடித்துப் படகுக்குள் எறிவார்கள். அந்தத் தூண்டில் முள்ளில் உயிர் இரை கோத்திருக்காது. பளபளப்பு ஒன்றை வைத்தே சூரை அதைக் கவ்விவிடும். அங்கே மீனை ஏமாற்றுவது முள்ளின் உருவம் இல்லை. கலங்கும் தண்ணீரும் மின்னும் பளபளப்பும்தான்.

பின்லாந்து நாட்டில் லவ்ரி ரபாலா என்று ஒரு மீனவர் இருந்தார். பெரிய மீன்கள் பொடிமீன் கூட்டத்துக்குள் பாயும்போது, தள்ளாடி நீந்தும் அடிபட்ட மீனைத்தான் குறிவைக்கின்றன என்று ஏரியில் கவனித்தார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டி, பழைய புகைப்பட பிலிமை உருக்கி மேல்பூச்சாகப் பூசி ஒரு லூர் செய்தார். தக்கையும் மிட்டாய்த் தாளும்தான் பொருள். ஆனால் இழுத்தால் அடிபட்ட மீன் போலத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைக் கொண்டுவரத்தான் அவர் திரும்பத் திரும்பச் செதுக்கினார். பின்னாளில் அவர் பெயரிலேயே உலகம் முழுவதும் விற்கும் நிறுவனம் உருவானது. மகனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் மீனை ஓவியமாகப் பார்க்கவில்லை, நடையாகப் பார்த்தார்.

நுணுக்கம் எங்கே வேண்டும்?

நுணுக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் இடம் உண்டு.

கல்குவாரிக் குட்டையிலும் பாசனக் கிணற்றிலும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அங்கே மெதுவாக இழுக்கும் லூரை மீன் பின்தொடர்ந்து வந்து நன்றாகப் பார்க்கும். அங்கே நிறமும் பளபளப்பும் கணக்கில் வரும். ஒரே குளத்தில் பலர் தினமும் தூண்டில் போட்டால், முள் குத்தித் தப்பிய மீன் அதன்பின் எச்சரிக்கையாக இருக்கும். அங்கும் மாற்றிச் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு இடம் கடை அலமாரி. கடைக்கு வந்து லூர் வாங்குவது விரால் அல்ல, மனிதர். அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். அழகுக்காக வாங்கி மேசையில் வைப்பவரும் உண்டு. அவருக்கு விற்பதில் தவறில்லை. கைவேலைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை அழகுப் பொருள் என்று சொல்லி விற்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இரண்டு நாள் உழைப்புக்கு 250 ரூபாய் என்றால் நாளுக்கு 125 ரூபாய். இதில் மரம், முள், பெயின்ட் செலவு வேறு. நுணுக்க வேலைக்கு அது கூலியே இல்லை.

மீன் பிடிக்க வாங்குபவருக்கு அசைவு சரியான, ஒரே நிறம் பூசிய லூர் தனி. அரை நாளில் ஒன்று முடிந்தால் 12 நாளில் 24 செய்யலாம். ஒன்று 120 ரூபாய்க்குப் போனாலும் எல்லாம் விற்றால் 2,880 ரூபாய். இப்போது அதே 12 நாளில் 6 செய்து 1,500 ரூபாய்தான் வருகிறது. கடித்தது என்று சொல்கிறவர் மறுபடி வருவார், இன்னொருவரையும் கூட்டிவருவார். அழகை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர் வரமாட்டார். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

பத்து நாள் சோதனைத் திடல்

புது ரகம் வந்தால் பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தையும் நட்டு, இரண்டுக்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர் விட்டுத்தான் ஒப்பிடுகிறோம். இதையும் அப்படியே செய்யுங்கள்.

ஒரே மரத்துண்டில் ஒரே அளவில் இரண்டு மீன் செதுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்குச் செதில், செவுள், கண் எல்லாம் உண்டு. இன்னொன்றுக்கு மேலே கருப்பு, கீழே வெள்ளை, வேறு ஒன்றும் வேண்டாம். பெயின்டும் எடை கூட்டும். அதனால் இரண்டையும் மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எடையைச் சமமாக்குங்கள். முள்ளும் நரம்பும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒரே இடம், ஒரே காலை நேரம். முதல் 20 வீச்சு ஒன்றால், அடுத்த 20 வீச்சு மற்றதால். மீன் துள்ளுகிறதே என்று மனதுக்குப் பிடித்ததை எடுத்து வீசக் கூடாது. எண்ணிக்கை முடிந்தால்தான் மாற்ற வேண்டும். எதில் நம்பிக்கை இருக்கிறதோ அதைக் கூடுதல் கவனத்தோடு இழுப்பது மனித இயல்பு. அதனால் மகன் ஒருபாதி, அவர் நண்பர் ஒருபாதி வீசட்டும். முதல் நாள் அழகு மீன் முதலில் என்றால் மறுநாள் சாதா மீன் முதலில்.

பள்ளி நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: துரத்தியது, அடித்தது, பிடிபட்டது. நாளுக்கு 40 வீச்சு என்றால் பத்து நாளில் ஒவ்வொன்றுக்கும் 200 வீச்சு. அடித்த கணக்கு 9, 8 என்று வந்தால் வித்தியாசம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 15, 5 என்று அழகு மீன் பக்கம் சாய்ந்தால் மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்போது மிஷினைப் பற்றிப் பேசலாம். இரண்டிலும் சைபர் என்றால் குறை பெயின்டில் இல்லை. அசைவிலோ, இடத்திலோ, நேரத்திலோ இருக்கிறது.

அசைவைச் சரிசெய்ய

அகத்தி, கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரம் நல்லது. நம் வரப்பிலேயே கிடைக்கும். நன்றாக உலர்த்திய பிறகே செதுக்க வேண்டும். தண்ணீர் புகாமல் இரண்டு மூன்று கை வார்னிஷ் அவசியம். ஊறிப்போன மரம் எடை மாறி, ஒரே வாரத்தில் நடையை இழந்துவிடும்.

எடை வைக்கும் இடம்தான் உயிர். வயிற்றில் சிறு துளையிட்டு இரும்பு ஆணித் துண்டு வைத்து, அண்டாத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கவிழ்த்து விட்டாலும் தானாக நிமிர வேண்டும். பிறகு நரம்பு கட்டித் தொட்டியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நேர்கோட்டில் வந்தால் தேறாது. இடமும் வலமும் தள்ளாட வேண்டும். மூக்கின் கீழே சாய்வாக ஒரு சிறு தகடு வைத்தால் தண்ணீர் அதில் மோதித் தள்ளாட்டம் வரும். தகட்டின் சாய்வை நூல் நூலாக மாற்றிப் பாருங்கள். செதில் வரைந்த அந்த ஒன்றரை நாளில் பாதியை இந்தத் தொட்டியின் அருகில் செலவழித்தால் போதும்.

கொடி அடர்ந்த இடத்தில் மர மீன் சிக்கும். அங்கே தவளைதான். தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பகுதியை வெட்டி உடம்பு செய்து, கிழிந்த குடைத்துணியை நாடாவாகக் கத்தரித்துக் கால் கட்டலாம். முள்ளின் நுனி முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருந்தால் கொடியில் மாட்டாது. மீன் வாயை மூடும்போது செருப்பு அமுங்கி முள் வெளியே வரும்.

மூன்று எச்சரிக்கை

ஒன்று, ஈயம் வேண்டாம். எடைக்காகப் பலர் ஈயத்தை அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூளும் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே கூடாது. இரும்பு நட்டு, ஆணித் துண்டு போதும்.

இரண்டு, அனுமதி. ஏரியின் மீன்பாசி ஏலத்தில் போயிருக்கும். ஏலம் எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான் வரும். நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறைக்காக நாடே அதைப் பேசுகிறது. அதே கல்வெட்டில் ஏரியைக் கவனிக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியமும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரிக்குக் கேள்வி கேட்க ஆள் இருந்த ஊர் இது. சோதனைக்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்று, அறுந்த நரம்பு. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் நமக்குப் பக்கம். 2022-இல் இரண்டும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடவே கூடாது. அங்கே கூடு கட்டும் நாரையும் நீர்க்காகமும் இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வருகின்றன. கொடியில் விட்டுவந்த நரம்பு அவற்றின் காலிலும் அலகிலும் சுற்றினால் பறவை பட்டினியில் சாகும். சிக்கினால் இறங்கி எடுத்துவர முடிகிற இடத்தில் மட்டும் வீசுங்கள்.

இதே பொருளில் வந்த இரண்டு சிறு கேள்விகள்

கேள்வி: விராலுக்கு உயிர்த் தவளையைக் கட்டிப் போடுவதுதானே வழக்கம்? பொய்த் தவளை எதற்கு?

பதில்: வழக்கம்தான். ஆனால் வயலில் ஒரு தவளை குறைந்தால் அது தின்றிருக்க வேண்டிய பூச்சி எல்லாம் உங்கள் பயிரில் இருக்கும். தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே சொன்னபடி விராலுக்கு வேண்டியது நிழலும் அசைவும். அதைச் செருப்புத் துண்டு கொடுக்கும்போது பூச்சிமருந்து கேட்காமல் வேலை செய்கிற தவளையை ஏன் முள்ளில் கோக்க வேண்டும்?

கேள்வி: செம்மண் நிறத்தில் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்துபோகும் இடத்தில் லூரை வீசினால் தவறாமல் கடிக்கிறது. அது எப்படி?

பதில்: அது பசியில் கடிப்பது அல்ல. விராலின் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தின் கீழேயே காவல் நிற்கும். குஞ்சின் பக்கம் எது வந்தாலும் பாய்ந்து அடிக்கும். கட்டையானாலும் அடிக்கும், வெறும் தக்கையானாலும் அடிக்கும். லூரின் அழகைச் சோதிக்க அது இடமே அல்ல. அங்கே தாயைப் பிடித்தால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீனும் கொக்கும் தின்றுவிடும். ஒரு மீனுக்காக அடுத்த ஆண்டின் நூறு மீனை இழக்கிறீர்கள். செங்கொத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மதகுக்குப் போங்கள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பத்து நாள் முடிந்ததும் மகனின் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழகு மீன் ஜெயித்தாலும் சரி, சாதா மீன் ஜெயித்தாலும் சரி, கணக்கை அப்படியே இந்தப் பகுதியில் போடுகிறோம். குழுக் கடனைப் பற்றி அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.